விழாவுக்கு முந்தைய நான்கு வாரங்கள்

கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியில் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம் திருவருகைக்காலம் எனப்படுகிறது. அக்காலத்தில் குருக்கள் ஊதா உடை அணிவதும், ஞாயிறு திருப்பலியில் 'வானவர் கீதம்' என்னும் மகிழ்ச்சிப் பாடல் விடப்படுவதும் விழா இன்னும் வரவில்லை என்பதை உணர்த்துகின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் விழா முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரம் மூன்று நாள் நோன்பை ஏற்படுத்தினார். இன்று அதே வாரங்கள்தாம் ஓட்டமும் செலவும் மிகுந்தவையாகிவிட்டன.

ஆனால் எளிமை நம் மரபுக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் அமைத்த பூஷே அடிகளார், இயேசு சபையின் மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்தவர். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில் அத்தளத்தின் குருக்கள் காவி தரித்து, புலால் தவிர்த்து, தமிழ்த் துறவியர்போல வாழ்ந்தனர். ஆவூரில் பணியாற்றிய வீரமாமுனிவரும், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக்குத் தலைவனாகத் தச்சுத் தொழிலாளரான சூசையப்பரையே தேர்ந்தார். எளிமை இம்மண்ணின் கிறிஸ்தவ மரபில் ஊறியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்குள்ள உழவர் வீடுகளில் விழாக்கால நெருக்கடிக்குத் தனிக் காரணமும் உண்டு. சம்பா நெல் பெரும்பாலும் தை மாதத்தில்தான் அறுவடைக்கு வருவதால், டிசம்பரில் கையில் பணம் குறைவு. ஆயினும் புத்தாடை, கேக், மின்விளக்கு, விருந்து என எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்க முற்படும்போது கடன் சேர்கிறது. பிள்ளைகளுக்கு அப்போது அரையாண்டுத் தேர்வு; வீட்டைத் துப்புரவாக்கி, அதிரசமும் அச்சு முறுக்கும் சுட்டு அடுக்குவது பெண்களின் தலையில் விழுகிறது. இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளாத குடும்பத்தில் எளிமை பற்றிய பேச்சு பொருளற்றது.

நாட்காட்டியே ஒரு வழியும் தருகிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25-இல் முடிவதில்லை. மூன்றரசர் திருவிழாவைக் கடந்து, சனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. உறவினர் வீடுகளுக்குச் செல்வதையும் விருந்துகளையும் அந்நாட்களுக்கு ஒத்திவைப்பதில் தவறேதுமில்லை. குடிலுக்கும் இது பொருந்தும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் பிரான்சிஸ் பிறப்புக் காட்சியை அமைத்தபோது தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியனவே போதுமாயிருந்தன. வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் முதல் வாரம் கூரையும், அடுத்தடுத்த வாரங்களில் விலங்குகளும் இடையர்களும் என மெல்ல அமைத்து, குழந்தை உருவை 24-ஆம் தேதி இரவும், அரசர்களை அவர்தம் விழா நாளிலும் வைக்கலாம்.