மலையில் விழுந்தால் யார் அளப்பது?

அணு உலை என்றால் அது கடற்கரைக்காரங்க கவலை என்றுதான் எங்கள் மலையில் பலரும் நினைக்கிறோம். கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். கூடங்குளம் சுமார் 350. நம் நாட்டில் விபத்துக்கால ஏற்பாடுகளை உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரைக்கும்தான் திட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி எங்க மிளகுக்கும் சாமைக்கும் அதோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

இங்கிலாந்தில் கம்ப்ரியா என்ற மலைப்பகுதியில் ஆடு வளர்த்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது. அங்கிருந்து கம்ப்ரியா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஒரு வாரம் கழித்து அந்த மலையில் கனமழை. காற்றோடு வந்த சீசியம் மழையோடு புல்லில் இறங்கியது. ஜூன் மாதம் ஆடு விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் அரசு விஞ்ஞானிகள். கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012-ல்தான். 26 வருஷம்!

எங்கே கணக்கு தப்பியது? சமவெளியில் களிமண் இருக்கிறது. அந்தக் களி சீசியத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ளும், பயிர் அதை எளிதில் எடுக்க முடியாது. விஞ்ஞானிகள் அந்த அனுபவத்தை வைத்து மலைக்கும் கணக்குப் போட்டார்கள். மலையில் இருந்ததோ மட்கு மிகுந்த புளிப்பு மண். அதில் சீசியம் பூட்டப்படவில்லை. புல் எடுத்தது, ஆடு தின்றது, சாணியாகத் திரும்ப மண்ணுக்கே வந்தது, அடுத்த வருஷம் மறுபடி புல்லுக்கு ஏறியது. நாம் பெருமையாகச் சொல்லுகிற அதே சத்துச் சுழற்சிதான். சத்தை மட்டும் சுற்றவிட்டு நஞ்சை விட்டுவிட அதற்குத் தெரியாதுங்க.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த ஆட்டுக்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசி எழுதிய ஆய்வு, இந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படுகிறது. அதில் ஒரு சம்பவம். பென்டோனைட் என்ற களிமண் பொடியைத் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று பார்க்க, விஞ்ஞானிகள் மலையில் வேலி போட்டு ஆடுகளை அதற்குள் அடைத்தார்கள். ‘மலை மேய்ச்சலில் திரிகிற ஆட்டை அடைத்தால் அது இளைத்துப் போகும், உங்கள் கணக்கு எதுவும் நிற்காது’ என்று ஆட்டுக்காரர்கள் முதலிலேயே சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. கடைசியில் சோதனையைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள், காரணமும் ஆட்டுக்காரர்கள் சொன்னதேதான்.

அந்த மலைக்குப் பக்கத்திலேயே விண்ட்ஸ்கேல் அணு உலை இருந்தது. 1957-ல் அங்கே தீப்பிடித்து, சுற்றுவட்டாரப் பாலைக் கொட்ட வேண்டி வந்தது. ‘எங்க மண்ணில் இருப்பது செர்னோபில்லில் இருந்து வந்ததா, இல்லை பக்கத்து உலையின் பழைய பாக்கியா?’ என்பது அவர்கள் கேள்வி. எல்லாம் செர்னோபில்தான் என்றார்கள் முதலில். ஏறக்குறைய பாதிதான் அங்கிருந்து வந்தது, மீதி பழைய அணுகுண்டுச் சோதனைகளும் விண்ட்ஸ்கேல் தீயும் விட்டுப் போனது என்று பிற்பாடு தெரியவந்தது. விபத்துக்கு முன்னால் அந்த மலை மண்ணை யாராவது ஒழுங்காக அளந்து, முடிவை ஊருக்குச் சொல்லியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

சீசியம் ஏன் பயிருக்குள் போகிறது என்பது உழவருக்குச் சுலபமாகப் புரியும். அது சாம்பல்சத்துக்கு, அதாவது பொட்டாசியத்துக்கு, ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. வேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரிவதில்லை. மண்ணில் சாம்பல்சத்து நிறைய இருந்தால் பயிர் அதை எடுத்துக்கொண்டு போகும், பற்றாக்குறை என்றால் சீசியத்தை இழுக்கும். விபத்தில் வெளியாகிறவற்றில் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும், சீசியம்-134 இரண்டு வருஷத்தில். சீசியம்-137 பாதியாக 30 வருஷம் ஆகும். விவசாயிக்கு நீண்டகாலப் பிரச்சினை இந்தக் கடைசி ஆள்தான்.

கதிர்வீச்சு என்றாலே செத்தோம் என்று நினைக்கவும் வேண்டாம். சாம்பல்சத்திலேயே இயற்கையான கதிர்வீச்சு ஒரு துளி உண்டு. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 15 பெக்கரல், பெரிய ஆள் ஒருவர் உடம்பில் 4,000 பெக்கரல் அளவுக்கு இந்தப் பொட்டாசியத்தால் எப்போதும் இருக்கிறது. ஆகவே ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எது, எவ்வளவு, எங்கே, யார் அளந்தது என்று கேட்க வேண்டும்.

இப்போது ஃபுகுஷிமாவுக்கு வருகிறேன். 2011 மார்ச் 11-க்குப் பிறகு அங்கே முதலில் அடி வாங்கியவர்களில் இயற்கை விவசாயிகளும் உண்டு. நாம் நம்பியிருக்கிற பொருள்களேதான் அவர்களுக்கு வினையாயின. இலைமட்கு, வைக்கோல், தொழுவுரம், விறகுச் சாம்பல் எல்லாமே திறந்த வெளியில் சீசியத்தை வாங்கிக்கொண்டவை. அந்த வருஷ ஜூலையில் வெளியில் கிடந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சியில் சீசியம் வந்தது. உரத்துக்கும் மட்குக்கும் கிலோவுக்கு 400 பெக்கரல் என்று வரம்பு வைத்தார்கள். விறகுக்கு 40 மட்டும்தான். எரித்தால் விறகு சுருங்கும், சீசியம் அப்படியே சாம்பலில் தங்கிக் கெட்டியாகும் என்பதால் அவ்வளவு குறைவு. இன்னொரு வேதனை, அவர்களிடம் நேரடியாக வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களில் பலர் முதல் ஆளாக விலகிப் போனார்கள். குழந்தைக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்றுதானே அவர்கள் இயற்கை விவசாயியைத் தேடி வந்தார்கள்? அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அக்டோபரில் மாகாண ஆளுநர் எங்கள் அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். நவம்பரில் ஓனாமி என்ற இடத்து அரிசியில் அப்போதைய வரம்பான 500 பெக்கரலுக்கு மேல், 630 வந்தது. அதிகாரிகள் சொல்லுகிற வார்த்தை மேல் இருந்த நம்பிக்கை அத்தோடு போச்சு. அடுத்த வருஷம் வரம்பை 100 ஆக்கி, மாகாணத்தில் விளைந்த ஒவ்வொரு மூட்டையையும் அளந்தார்கள். 2012 அறுவடையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட 30 கிலோ மூட்டைகளில் 71 மட்டும் வரம்பு தாண்டின. 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இந்த முன்னேற்றத்துக்குப் பின்னால் ஒரு கூட்டு ஆய்வும் இருக்கிறது. நிஹொன்மட்சு நகரத்தின் தோவா பகுதி மலைச் சரிவும் படிக்கட்டு வயலுமான ஊர். அங்குள்ள இயற்கை விவசாயிகள் சொந்தமாக அளவுக் கருவி வைத்து விளைபொருளை அளக்கத் தொடங்கினார்கள். நீகதா பல்கலைக்கழக மண்ணியல் பேராசிரியர் நோனகா மசனோரி, இபராக்கி பல்கலைக்கழகத்தார் என்று பலர் அவர்களோடு சேர்ந்தார்கள். உழவர்தான் ஆய்வை நடத்துகிறவர், நாங்கள் துணை என்பது நோனகாவின் நிலை. எந்த வயலில், எந்த மடை ஓரத்தில் அளக்க வேண்டும் என்பதை அந்த வயல்காரர்தானே அறிவார்? மேல்மண்ணைச் சுரண்டி எறிவதா, உழுது கலப்பதா என்ற கேள்வி வந்தபோது, தலைமுறையாகச் சேர்த்த மண்ணை எறிய மனமில்லாமல் உழுதார்கள். களி உள்ள வயலில் நெல்லுக்குப் போன சீசியம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று அளவு காட்டியது.

நமக்குப் பயன்படுகிற சில விஷயங்கள் அந்த ஆண்டுகளில் ஃபுகுஷிமாவில் தெளிவாயின. சீசியம் தவிட்டில் கூடுதலாகத் தங்கும், தீட்டிய அரிசியில் குறைவு. கைக்குத்தல் அரிசி சாப்பிடச் சொல்லுகிற நமக்கு இது கசப்பான செய்திதான். சூரியகாந்தி போட்டால் மண் சுத்தமாகும் என்று ஊரெல்லாம் விதைத்தார்கள், அது எடுத்தது மிகச் சொற்பம். ஆனால் எண்ணெய் வித்துப் பயிரிட்டு ஆட்டினால் எண்ணெயில் சீசியம் ஏறக்குறைய வருவதே இல்லை, பிண்ணாக்கில் நின்றுவிடும். நெல் வயலில் 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் பொட்டாஷ் இருந்தால் சீசியம் ஏறுவது நன்றாகக் குறையும் என்று அங்கே அளவு வைத்தார்கள்.

அதை நம்ம கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு ஹெக்டேரில் அரை அடி ஆழத்துக்கு மேல்மண் சுமார் 20 லட்சம் கிலோ என்றால், 500 கிலோ பொட்டாஷ், பொட்டாசியமாகச் சொன்னால் 400 சொச்சம். நம்ம மண் பரிசோதனை அட்டையில் 280 தாண்டினாலே ‘அதிகம்’ என்று போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்! எங்கள் மலையில் மரவள்ளி வேறு. சேகோ ஆலைக்கு லாரியில் கிழங்கு இறங்கும்போது அதோடு சாம்பல்சத்தும் மலையை விட்டு இறங்குகிறது. செம்மண், சரளை மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட் வகைக் களி, அது சீசியத்தைப் பூட்டி வைப்பதில் மட்டம். மலை, மழை, சாம்பல்சத்துப் பற்றாக்குறை மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் தூரம் நமக்குக் காப்பு ஆகாது. இங்கே விழுவது ஐயாறு வழியாகக் கீழே திருச்சிப் பக்கமும் போகும்.

ஆய்வுக் கூட்டாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பெலாரஸில் ஸ்டோலின் மாவட்டத்து ஒல்மானி கிராமத்தில் 1996-ல் ‘எத்தோஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்தது, பிரெஞ்சு ஆய்வாளர்கள் வந்தார்கள். செர்னோபில் முடிந்து பத்து வருஷம் ஆகியும் அந்த ஊரில் பாலில் சீசியம் இருந்தது. தாய்மார்கள் கையில் கருவியைக் கொடுத்து வீடு, தோட்டம், பால், காளான் எல்லாம் அளக்கச் செய்தார்கள். எந்தப் புல்வெளியில் மேய்ந்தால், எந்த வைக்கோல் போட்டால் பாலில் குறையும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நல்ல வேலைதான். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் வெளியிட்ட 111-ஆம் வழிகாட்டியில் ‘மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்வது’ என்ற கருத்துக்கு இந்த அனுபவம்தான் முக்கிய ஆதாரம்.

ஆனால் அந்தத் திட்டத்தில் பங்கெடுத்த செப்பன் என்ற பிரெஞ்சு அமைப்பின் உறுப்பினர்கள் யார் என்று பாருங்கள்: அணுமின் நிலையங்களை நடத்துகிற இ.டி.எஃப். நிறுவனம், பிரெஞ்சு அணுசக்தி ஆணையம். உலை வைத்தவரே, விபத்துக்குப் பிறகு அந்த மண்ணில் எப்படி வாழலாம் என்று சொல்லித்தர வருகிறார். ‘நீயே அளந்துகொள், நீயே பார்த்துக்கொள்’ என்பது, ‘நான் பொறுப்பில்லை’ என்று முடிந்துவிடும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. என் கணிப்பில் விமர்சனமும் சரி, கருவியும் சரி. கருவி வேண்டும் என்பதற்காக நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கதை வேறு. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரியம் கலந்த கரு மணலால் இயற்கையிலேயே கதிர்வீச்சு அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து, புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009-ல் வெளியிட்டது. வீடு வீடாகப் போய்ச் செய்த பெரிய வேலை. ஆனால் அது மணலிலிருந்து வெளியே இருந்து படுகிற கதிர். சோற்றிலும் பாலிலும் உள்ளே போகிற சீசியத்துக்கு அந்த முடிவை அப்படியே எடுத்து நீட்டக் கூடாது.

உலைகளைச் சுற்றி மண், பால், மீன் எல்லாம் அளக்க நம்மிடமும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உள்ள சுற்றுச்சூழல் ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்வது பாபா அணு ஆராய்ச்சி மையம். உலையும் அணுசக்தித் துறையுடையது, அளப்பதும் அதே துறை. பல்கலைக்கழகங்களின் கதிர்வீச்சு ஆய்வுகளுக்குப் பணம் தருகிற வாரியமும் அதே துறையின் கீழ்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அமைந்தது. அதற்குத் தன்னிச்சையான சட்ட அதிகாரம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் எழுதினார். அதே வருஷம் கூடங்குளம் பாதுகாப்பு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது, அணுமின் கழகம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது.

கொல்லிமலைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் புதிதல்ல. சிறுதானியம், மூலிகை, மண் என்று வருஷாவருஷம் யாராவது ஏறி வருவார்கள். நல்ல பயன் தந்தவர்களும் உண்டு, பையில் மண்ணை அள்ளிக்கொண்டு போய் ஒரு காகிதம்கூடத் திருப்பி அனுப்பாதவர்களும் உண்டு. அதனால் கதிர்வீச்சு ஆய்வு என்று யாராவது வந்தால் கிராம சபையில் முதலில் கேட்க வேண்டியது: பணம் யாருடையது? முடிவு தமிழில் எங்க கைக்கு எப்போது வரும்? எந்த வயல், எந்த ஊற்று என்று நாங்களும் சொல்லலாமா? அளவு மோசமாக வந்தால் விளைபொருளுக்கு யார் பொறுப்பு? மூன்று கேள்விக்குப் பதில் இருந்து நாலாவதுக்கு இல்லை என்றால் நான் மண் கொடுக்க மாட்டேன்.

விபத்துக்கு முந்தைய அளவு, அடிப்படை அளவு, இப்போதுதான் எடுக்க முடியும். சாமை அறுவடை முடிந்த நிலத்தில், மேலே 5 சென்டிமீட்டர் மண் தனியாக, அடுத்த 10 சென்டிமீட்டர் தனியாக, உழாத சோலை ஓரத்தில் ஒன்று, மிளகுக் கொடிக்குக் கீழே கிடக்கிற சில்வர் ஓக் இலைமட்கில் ஒன்று. நிழலில் காயவைத்து, இடமும் தேதியும் எழுதி, பாதியை ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பாதியை நாமே வைத்துக்கொள்ளலாம். சீசியம்-137 அவ்வளவு சீக்கிரம் கரைந்து போகாது, பத்து வருஷம் கழித்துக்கூட அந்தப் பாதியை அளக்கலாம். காமா நிறமாலைமானி உள்ள கல்லூரிகள், அதில் வேலை செய்கிற பேராசிரியர்கள் நம் வாசகர்களில் இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். மண் பரிசோதனை அட்டையில் சாம்பல்சத்து அளவைப் பழைய வருஷத்திலிருந்து வைத்திருக்கிற மரவள்ளி விவசாயிகளும் அதன் நகலைச் சேர்த்து அனுப்புங்கள்.