கடைமடையில் ஒரு காலை நடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளை ரோட்டில் நின்று பாருங்கள். சிதம்பரம் பக்கமிருந்து கார் காராக வந்து, நேரே பிச்சாவரம் படகுத்துறைக்குப் போகும். ஒரு மணி நேரம் படகில் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். வழியில் இருக்கிற வயலில் யாரும் இறங்குவதில்லை. அவர்கள் வெளியூர்க்காரர்கள், போகட்டும். கிள்ளையிலேயே பிறந்த நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் வாய்க்கால் கரையோடு நடந்து உப்பனாறு வரைக்கும் போயிருப்பார்கள்? ஸ்கூல் வேன் வீட்டு வாசலுக்கே வந்த பிறகு பிள்ளைகள் வரப்பில் கால் வைப்பதே இல்லை.

குடும்பத்தோடு காலாற நடப்பது வெள்ளைக்காரன் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் கிராமத்துக்குக் கிராமம் நடைபாதைகளுக்கு வரைபடம் இருப்பது உண்மைதான். அந்தப் பாதைகள் விவசாயியின் வயலுக்கு நடுவிலேயே போகும். யாரும் நடக்கலாம், மறிக்கக் கூடாது. அதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை. 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் தடையை மீறி நடந்து, சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1949இல்தான் வந்தது. நமக்கோ வரப்பும் வண்டிப்பாதையும் வாய்க்கால் கரையும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நடக்கத்தான் ஆள் இல்லை.

கிள்ளை கடைமடை ஊர். கொள்ளிடத்துக் கீழணையில் பிரியும் தண்ணீர், வயல் வயலாகப் பாய்ந்து மிச்சமிருப்பதுதான் இந்தப் பக்கம் வருகிறது. சிதம்பரம் வழியாக வரும் கான்சாகிப் வாய்க்காலின் கரையில் நின்றால் நல்ல தண்ணீரின் கடைசி ஓட்டத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் அலையேற்றத்தில் உள்ளே வரும் கடல் தண்ணீர். நல்ல தண்ணீர் முடிந்து உப்புத் தண்ணீர் தொடங்குவதை ஒரே காலையில், சின்னப் பிள்ளையின் காலாலேயே நடந்து பார்க்கக் கிடைக்கிற இடம் இது.

நடக்க நல்ல மாதம் தையும் மாசியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பு வழுக்கும். மழை வலுத்தால் வாய்க்கால் எது, வயல் எது என்றே தெரியாது. பங்குனி பிறந்தால் வெயில் தாங்காது. தையில் சம்பா அறுப்புக்கு நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரம் காயாத மண்ணில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்திருப்பார்கள். நெல் தாளை விலக்கிப் பார்த்தால் அடியில் இரண்டு இலை விட்டிருக்கும். உழவு இல்லை, உரம் இல்லை, மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும்தான். டெல்டாக்காரனுக்கு இது சாதாரண விஷயம். டவுனில் வளரும் பிள்ளைக்குக் காட்டிப் பாருங்கள், குனிந்தபடியே அரை மணி நேரம் உட்கார்ந்துவிடும்.

போன மாசியில் என் பேத்தியையும் அவள் கூட்டாளிகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வரப்பில் கரிசாலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் பின்னிக் கிடந்தது. நண்டு வளை இருந்தது. கவைக்குச்சியில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயலில் நத்தைகுத்தி நாரைகள். பெயருக்கு ஏற்ற மாதிரி அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும், நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுக்க. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்த பேத்தி மூன்றாவது வரப்பில் நின்றுவிட்டாள்.

“தாத்தா, இந்த வரப்பு மட்டும் ஏன் கருகிப் போச்சு?”

களைக்கொல்லி. வரப்பு செதுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று அடிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அடித்தவன்தான், மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம், “செருப்பைப் போட்டுக்கோ, கையை எங்கேயும் வைக்காதே” என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்ம ஊர் வயலில், நம்ம பிள்ளையிடம்! வயலுக்கு எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் சரி, பேரப்பிள்ளையை வெறுங்காலோடு நடக்க விட முடியுமா என்பதுதான் நான் இப்போது வைத்திருக்கும் சோதனை. சந்தேகமான வயல் என்றால் ஒதுங்கிப் போங்கள். மருந்து வாடை அடித்தால் திரும்பிவிடுங்கள்.

கிழக்கே போகப் போக மண்ணின் நிறம் மாறும். வெயில் ஏறினால் மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். களர்பாளை, குழிவெடிச்சான் மாதிரி உவரைத் தாங்கும் நெல்லை நம்ம பெரியவர்கள் ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உப்பேறிய நிலங்களை மீட்க நம்மாழ்வார் ஐயாவும் விவசாயிகளும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததையும் சொல்லலாம். வயல் முடிகிற இடத்தில் உமரி தலை காட்டும். தண்டைக் கிள்ளிக் கடித்தால் உப்புக் கரிக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக மென்று முகம் சுளிப்பார்கள்.

அதற்கப்புறம் சதுப்புக்காடு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேர். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்குள் நடக்கக் கூடாது, அது காப்புக்காடு. ஓரத்தில் நின்றாலே போதுமான அளவுக்குப் பார்க்கலாம். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும். அதன் இலையில் உப்புப் படிந்திருக்கும், வேண்டாத உப்பை மரமே வெளியே தள்ளிவிடுகிறது. சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். தில்லை மரத்தை மட்டும் தூரத்திலிருந்தே காட்டுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரும் தல விருட்சமும் தந்த மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இந்தக் காட்டின் கதையில் விவசாயிக்கு ஒரு பாடம் இருக்கிறது. முந்தைய காலத்தில் இங்கே பகுதி பகுதியாக மரத்தை மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடம் காய்ந்து தாழ்ந்து, தட்டு மாதிரி குழிந்துவிட்டது. அலையில் ஏறிய தண்ணீர் வடியாமல் தேங்கி, வற்றி வற்றி உப்புக் கூடியது. பிறகு மரம் முளைக்கவே இல்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் ஏறி இறங்கியது, உப்புக் குறைந்தது, காடு திரும்பியது. நம்ம உவர் வயலிலும் இதே கதைதான். வடிகால் தூர்ந்தால் எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டாலும் பயனில்லை.

ஓடையில் இருளர் வீட்டு அம்மாக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேடுவார்கள். போட்டோ எடுக்க ஓடாதீர்கள். “ஆயா, இன்னிக்கு எப்படி?” என்று கேட்டு இறால் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். பிள்ளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர், பெரியவர் கையில் ஒரு தடி, ஒரு பையில் அவித்த கடலை. பாம்பு இருக்கும், முன்னால் பெரியவர்தான் நடக்க வேண்டும். புதிதாக மண் அணைத்த வரப்பில் ஏறாதீர்கள். வயல்காரரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி வழக்கு விஷயம். வழிகள் வேகமாக மறைகின்றன. வரப்பைச் செதுக்கிச் செதுக்கி வயலோடு சேர்ப்பவர் உண்டு, மனை போட்டு வேலி அடைப்பவர் உண்டு. 1990களில் இறால் பண்ணைகள் கரையை அடைத்தபோது சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கட்டுப்பாடு விதித்தது. பாதை விஷயத்தில் 1882ஆம் வருட வழியுரிமைச் சட்டம் சொல்வதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்துக்குப் போக அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 வருடம், ஒளிவு மறைவில்லாமல், சண்டை சச்சரவில்லாமல், இடைவிடாமல், உரிமையாக நடந்திருந்தால் அந்த வழி உங்களுக்கு உரிமையாகும். அரசு நிலமென்றால் 30 வருடம். தயவு கேட்டு நடந்தது கணக்கில் வராது. இங்கிலாந்திலும் பொதுப்பாதைக்கு 20 வருடம்தான் கணக்கு, ஆச்சரியமாக இல்லை?

அதனால் நடையோடு ஒரு வேலையும் செய்யலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடமும் புல வரைபடமும் நகல் வாங்குங்கள். வண்டிப்பாதை, வாய்க்கால், வடிகால் எல்லாம் அதில் கோடாக இருக்கும். பெரிய பிள்ளைகள் கையில் வரைபடத்தைக் கொடுத்து, கோடு இருக்கிற இடத்தில் தரையில் பாதை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போன மாசியில் எங்கள் கூட்டாளிப் பட்டாளம் ஒரு வடிகாலைத் தேடி முக்கால் மணி நேரம் அலைந்தது. வரைபடத்தில் இருந்தது, தரையில் அந்த இடத்தில் கருவேலமுள்ளும் ஒரு மாட்டுக் கொட்டகையும். மனு எழுதியாயிற்று. இந்த மாசியில் அதே இடத்துக்கு மறுபடியும் போகிறோம்.