மாட்டுக் கமலையும் மின்மோட்டாரும்

எதிரே தொங்குவது கமலைச் சால்; மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பான கமலையில் நீர் மொள்ளும் பாத்திரம் இது. கொங்கு நாட்டில் கமலையைக் கவலை என்பார்கள். இரும்புச் சாலின் அடியில் நீண்ட தோல் வால் ஒன்று கட்டியிருக்கிறது, பாருங்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் உருளையில் ஓடிச் சாலைத் தூக்கும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். அதுவரை வால்கயிறு மடக்கிப் பிடித்திருந்த தோல் வால், மேலே வந்ததும் விரிந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கியே நடந்து மேடேறும். பழக்கப்படாத மாட்டுக்கு இது எளிதல்ல.

ஒரு ஜோடி மாட்டின் திறன் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட். சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும்தான் எரிபொருள்.

1930-களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-ல் தொழில்முனைவோரான ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். ஆலைகளை ஓட்டிய மின்சாரம் கிணற்றுமேட்டுக்கும் வந்தது. பக்கத்தில் உள்ள 5 குதிரைத்திறன் மோட்டார் ஐந்து ஜோடி மாடுகளின் வேலையை, களைப்பின்றி இரவிலும் செய்யும். உழவர் முதுகுக்கு இது பெரிய விடுதலை.

1990-ல் தமிழக உழவர் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. ஆனால் கமலை இறைத்தால் மாடு ஓயும் நேரத்தில் கிணறு ஊறும்; மோட்டார் அந்த இடைவெளியைத் தரவில்லை. பல ஊர்களில் நீர்மட்டம் இறங்க, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டின. அவ்வளவு ஆழத்திலிருந்து இறைக்க, ஒவ்வொரு குடத்துக்கும் முன்பைவிடக் கூடுதல் மின்சாரம் செலவாகிறது.