செத்த மாட்டுக்கு யார் பொறுப்பு?



ஆண்டு மலருக்குச் செத்த கால்நடைகளை அப்புறப்படுத்துவது பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஏம்ப்பா, சிவில் படிக்கிற உனக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று கேட்டார்கள். சிவில் படிப்பதால்தான் எழுதுகிறேன். எவ்வளவு ஆழம் தோண்டணும், எந்த மண்ணில் தோண்டணும், நிலத்தடி நீர் எங்கே நிற்குது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை இது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இரண்டு கறவை மாடாவது, நாலு ஆடாவது இருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வரத்தான் போகிறது.

என் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். பாறையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர். எங்கள் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் பயிர். குடிக்கிற தண்ணீரும் பாசனத் தண்ணீரும் பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுதான். மழைக்காலத்தில் ஓடைகளில் ஓடுகிற தண்ணீர் செஞ்சி ஆறு என்கிற சங்கராபரணியில் சேர்ந்து, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரி வரைக்கும் போகிறது. ஆக, இங்கே ஒருத்தர் ஓடையில் தள்ளிவிட்டுப் போகிற செத்த மாடு, கீழே இருக்கிற எத்தனையோ ஊர்களின் பிரச்சினை ஆகிவிடுகிறது.

பழைய ஏற்பாடு என்ன ஆயிற்று?

அந்தக் காலத்தில் இந்த வேலை இரண்டு தோள்கள் மேல் இருந்தது. ஒன்று, பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு. ஊருக்கு வெளியே போட்ட மாட்டைக் கூட்டமாக வந்து சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிட்டுப் போகும். 1980-களில் இந்தியாவில் லட்சக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. காரணம் டைக்ளோஃபெனாக். வலி தீர மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்து. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டு, அவையும் செத்தன. 2004-இல்தான் இந்த உண்மை வெளியே வந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. அதே தீங்கு செய்யும் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் மருந்துகளுக்கு 2023-இல் தடை வந்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போகணும்.

பாறு போனதால் என்ன நஷ்டம்? அது விட்டுப்போன இடத்துக்குத் தெருநாயும் எலியும் வந்தன. கூடவே வெறிநோயும், தண்ணீர் கெடுவதும் வந்தன. 2024-இல் அமெரிக்கப் பொருளாதார இதழ் ஒன்றில் வந்த ஆய்வின்படி, பாறுகள் அழிந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். ஒரு பறவை செய்த வேலையின் மதிப்பு அவ்வளவு!

இரண்டாவது தோள், ஊரின் கடைசித் தெரு. செத்த மாட்டைத் தூக்குவது, தோலை உரிப்பது எல்லாம் "அவங்க வேலை" என்று தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வைத்திருந்தார்கள். நோயில் செத்ததா, பாம்பு கடித்துச் செத்ததா என்று சொல்லக்கூட மாட்டார்கள். மாட்டின் நோய் முதலில் தொற்றுவது அந்தக் கைகளில்தான். 2016 ஜூலையில் குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன் பிறகு அங்கே பலரும் "இனி இந்த வேலை எங்களுக்கு வேண்டாம்" என்று நிறுத்தினார்கள். சுரேந்திரநகரில் மாட்டுச் சடலங்களைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னாலேயே போட்டார்கள். "உன் மாட்டை நீயே எடு" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆக, ஒரு தோள் மருந்தால் அழிந்தது. இன்னொரு தோள் "முடியாது" என்று சொல்லத் தொடங்கிவிட்டது, அதுதான் நியாயமும்கூட. ஆனால் அந்த இடத்தில் புதிய ஏற்பாடு எதையும் நாம் வைக்கவில்லை. அதனால்தான் ஓடையிலும் சாலையோரப் பள்ளத்திலும் நாற்றம்.

செத்ததுதானே, இனி என்ன?

இப்படி நினைப்பதுதான் ஆபத்து. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அடைப்பான் என்ற பெயர் தெரியும். ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் விழுந்து செத்துக் கிடக்கும். வயிறு ஊதியிருக்கும். உடம்பு விறைக்காது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த, உறையாத ரத்தம் கசியும். இப்படிக் கண்டால் கத்தியைத் தொடாதீர்கள்!

காரணம் இதுதான். உடம்பை அறுக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் அடைப்பான் கிருமி, உடல் அழுகும்போது சில நாளில் பெரும்பாலும் தானாகவே செத்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால், அது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடும். இந்த வித்து உருவாவதை 1876-இல் ராபர்ட் காக் காட்டினார். புதைத்த இடத்திலிருந்து மண்புழுக்கள் அந்த வித்துகளை மேலே கொண்டுவருகின்றன என்று 1880-இல் லூயி பாஸ்டர் சொன்னார். அந்த வித்து மண்ணில் எத்தனையோ ஆண்டு உயிரோடு கிடக்கும். இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் பிரிட்டன் அடைப்பான் குண்டைச் சோதித்தது. 1986-இல் ஃபார்மால்டிஹைடு கரைசலால் மண்ணையே நனைத்த பிறகு, 1990-இல்தான் அந்தத் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள்.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று சொல்ல வேண்டாம். 2022 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மான்கள் செத்தபோது, ஒன்றுக்கு அடைப்பான் உறுதியானது. மனிதனுக்குத் தோல் வழியாக வந்தால் நடுவில் கறுத்த புண்ணாகத் தெரியும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தில் குணமாகும். அந்த இறைச்சியைச் சாப்பிட்டு வந்தால் உயிருக்கே ஆபத்து. நன்றாக வேகவைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. வித்து சாதாரணச் சமையல் சூட்டில் முழுதும் சாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள் மூன்று.

1. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009. பட்டியலிட்ட நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே, உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நோயில் செத்த உடலை விதிப்படிதான் அகற்ற வேண்டும். நோய் என்று தெரிந்தும் ஆற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ போட்டால் அது குற்றம்.

2. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமையின் பேரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்தினால் சிறைத் தண்டனை உண்டு. ஊர் விலக்கு செய்வோம் என்று மிரட்டுவதும் கட்டாயப்படுத்துவதுதான்.

3. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015-இல் செய்த திருத்தத்தின்படி, அவர்களைக் கொண்டு விலங்குச் சடலத்தை அகற்றவோ சுமக்கவோ வைப்பது வன்கொடுமைக் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரே வரிதான்: மாடு யாருடையதோ, பொறுப்பும் அவருடையது.

குழி தோண்டுவது எப்படி?

இனி நம் பாடம். 300 கிலோ எடையுள்ள மாட்டின் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அழுகும்போது அதில் பெரும்பகுதி கசிந்து மண்ணில் இறங்கும். அந்தக் கசிவு கிணற்றுக்குப் போகாமல் மண்ணிலேயே வடிகட்டப்பட வேண்டும். குழியின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

இடம்: களிமண் கலந்த மேட்டு நிலம் நல்லது. மணல், சரளை வேண்டாம். எங்கள் செஞ்சிப் பக்கம் மாதிரி பாறை நிலமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பாறை வெடிப்பில் இறங்கின கசிவு வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்குப் போகும். நாலடியிலேயே பாறை தட்டினால், "இது போதும்" என்று அதிலேயே புதைக்காமல் வேறு இடம் பாருங்கள்.

தூரம்: பண்ணையில் புதைப்பதற்குப் பிரிட்டன் முன்பு வைத்திருந்த நெறிமுறை, குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டர், மற்ற நீர்நிலைகளிலிருந்து 30 மீட்டர். அதுவும் போதாது என்று 2003-இல் பண்ணையில் புதைப்பதையே பொதுவாகத் தடை செய்துவிட்டார்கள். அங்கே சடலத்தை எடுத்துப்போக லாரியும் பதப்படுத்தும் ஆலையும் உண்டு. நம் கிராமத்தில் அந்த வசதி இல்லாததால், குழியைத்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஆழம்: ஒரு மாட்டுக்கு 8 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி ஆழம். கொள்ளளவு 320 கன அடி. ஜே.சி.பி.க்கு இது பெரிய வேலையே இல்லை. படுத்த நிலையில் மாடு இரண்டு, இரண்டரை அடி உயரம் இருக்கும். மேலே ஐந்தடிக்குக் குறையாமல் மண் விழும். நாயால் தோண்ட முடியாது.

நீர்மட்டம்: பக்கத்துக் கிணற்றில் சித்திரை மாதத்து நீர்மட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று கேளுங்கள். அந்த மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் நடுவில் குறைந்தது மூன்று, நாலு அடி மண் இருக்க வேண்டும்.

மூடுவது: பிளாஸ்டிக்கில் சுற்றிப் புதைக்காதீர்கள், மக்காது. மண் பிறகு அமுங்கும் என்பதால் மேலே ஒன்றரை அடி மேடாகக் குவித்து, முள்ளும் கல்லும் வையுங்கள். சாதாரணச் சாவுக்குச் சுட்ட சுண்ணாம்பு தூவலாம். அடைப்பானுக்கு மட்டும் கதை வேறு. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் வித்துக்குச் சாதகமாகலாம் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அடைப்பான் என்றால் எரிப்பதா, புதைப்பதா, எந்தக் கிருமிநாசினி என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வரிசை மறக்க வேண்டாம்

மாடு செத்ததும் முதலில் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தகவல் சொல்லுங்கள். காப்பீடு செய்த மாடாக இருந்தால் மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை புதைக்காதீர்கள், காதுவில்லை பத்திரம். அடைப்பான் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை கிடையாது. காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். அதுவரை நாய், காக்கை அண்டாமல் காவல் இருக்கணும். தரையில் இழுத்துப் போகக் கூடாது. தொடுகிறவர் கையுறை போடணும். மிச்ச மாடுகளுக்குத் தடுப்பூசி கேளுங்கள். அடைப்பான் தடுப்பூசி நம் ராணிப்பேட்டை நிறுவனத்திலேயே தயாராகிறது.

நண்பர்களே! ஊரில் மனிதனுக்குச் சுடுகாடு இருக்கிறது. மாட்டுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கச் சொல்லி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கும்போது, எந்தப் புறம்போக்கில் மண் எப்படி, மார்கழியில் நீர்மட்டம் எவ்வளவு என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். லெவலிங்கும் மண் பரிசோதனையும் பரீட்சைக்கு மட்டும் படித்ததாக இருக்க வேண்டாம். அடுத்த விடுமுறையில் அவரவர் ஊருக்கு அப்படி ஒரு வரைபடம் போட்டுப் பாருங்களேன்!