இறக்கைக்குள் அடங்கிய எஞ்சின்

ஆகாய விமானத்தை முன்னே செலுத்துவது, அது பின்னே தள்ளும் காற்றுதான் என்பதை நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்தவர் யாவரும் அறிவர். ஆனால் அந்தக் காற்றைக் கொஞ்சமாக எடுத்து அதிவேகமாகத் தள்ளுவதா, நிறைய எடுத்து நிதானமாகத் தள்ளுவதா என்ற கேள்விக்கு விடை காண எஞ்சின் நிபுணர்கள் பல வருஷ காலம் பாடுபட வேண்டியிருந்தது. கணக்கு என்னவோ எளியதுதான். தள்ளுவிசை, காற்றின் நிறையையும் அதற்கு ஊட்டப்படும் வேகத்தையும் பெருக்கிய அளவாக அமைய, அதற்காகச் செலவாகும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. ஆகவே இரு மடங்கு காற்றுக்குப் பாதி வேகம் ஊட்டினால், விசை குறையாமலே செலவு பாதியாகிவிடும். மெல்லிய கழியைப் படபடவென்று வீசிப் படகு விடுகிறவன் களைத்துப்போக, அகன்ற துடுப்பை ஆற அமர வலிக்கிறவன் அலுப்பின்றிக் கரை சேருவதும் இதனால்தான்.

ஆரம்ப கால ஜெட் எஞ்சின்கள் கழியால் படகு விட்டவை. உள்ளே நுழைந்த காற்று முழுவதும் கம்ப்ரஸரில் நெருக்கப்பட்டு, எரிபொருளோடு கூடி எரிந்து, டர்பைனைச் சுழற்றிவிட்டு அனல் தாரையாகப் பின்புறம் பாய்ந்தது. அத்தாரையின் வேகம் விமானத்தின் வேகத்தை வெகுவாக மிஞ்சியிருந்தமையால் சக்தியில் பெரும் பங்கு ஆகாயத்தில் விரயமாயிற்று. போதாக்குறைக்கு, 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் வகுத்துக் காட்டியபடி, தாரை எழுப்பும் ஓசையின் சக்தி அதன் வேகத்தின் எட்டாம் படியை ஒட்டிப் பெருகுவதாதலால், விமான நிலையத்தை அடுத்து வசிப்போரின் செவிகளும் அந்த விரயத்துக்கு வரி செலுத்தின.

பரிகாரம் தெரியாமல் இல்லை. ஜெட் எஞ்சினின் பிதாக்களில் ஒருவரான பிராங்க் விட்டில், தம்முடைய முதல் எஞ்சின் 1937 ஏப்ரலில் சோதனைக் கூடத்தில் ஓடுவதற்கு ஓராண்டு முன்னரே, தாரையின் சக்தியில் ஒரு பகுதியைக் கொண்டு மேலும் அதிகக் காற்றைத் தள்ளும் யோசனைக்குக் காப்புரிமை கோரியிருந்தார். ஜெர்மனியில் டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியார் 1943-இல் அத்தகைய எஞ்சின் ஒன்றை ஓட்டியும் பார்த்தனர். எனினும் அதிகப்படியான காற்றைத் தள்ளும் வேலையையும் டர்பைனே சுமக்க வேண்டியிருந்ததால், அதற்கு ஏற்ற உஷ்ணத்தைத் தாங்கும் உலோகங்களும், சக்தியைச் சிந்தாமல் வேலை செய்யும் கம்ப்ரஸர்களும் கிடைக்கும்வரை அந்த யோசனை காத்துக் கிடந்தது.

அந்த யோசனையின்படி அமைந்து முதன்முதலாகப் பிரயாணிகளைச் சுமந்த எஞ்சின், ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் கான்வே. அந்நிறுவனத்து நிபுணர் ஏ. ஏ. கிரிஃபித்தின் ஆராய்ச்சியில் வேரூன்றி, வேல்ஸ் நாட்டு நதியொன்றின் பெயரைத் தாங்கி, 1952-இல் அது முதலில் ஓடியது. ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய இரு தண்டுகள், தாழ்ந்த அழுத்தக் கம்ப்ரஸரையும் உயர்ந்த அழுத்தக் கம்ப்ரஸரையும் அதனதன் வேகத்தில் சுழற்றின. முதற் கம்ப்ரஸரைக் கடந்த காற்றில் ஒரு பகுதி மட்டும் உள்ளே சென்று எரிய, எஞ்சியது எரியாமலே எஞ்சினின் உடலைச் சுற்றி ஓடி, இறுதியில் அனலோடு கலந்து, தாரையின் வேகத்தையும் வெம்மையையும் தணித்தது.

ஆனால் சுற்றி ஓடிய காற்று எவ்வளவு? உள்ளே சென்ற பத்துப் பங்குக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் எஞ்சினுக்குள் இல்லை. கான்வே, விக்கர்ஸ் வி-1000 என்ற விமானத்தின் இறக்கை அடிவாரத்தில் புதைந்திருக்கவேண்டுமென்று உத்தேசிக்கப்பட்டது; அக்காலத்து ஆங்கில நிர்மாணிகள் எஞ்சினை இறக்கைக்குள் ஒளித்துவைப்பதையே விரும்பினர். இறக்கையின் கனம் எவ்வளவோ, எஞ்சினின் குறுக்களவும் அவ்வளவு. 1955-இல் வி-1000 கைவிடப்பட்டது. அதற்காகப் பூண்ட மெலிந்த உருவத்துடனேயே கான்வே 1960-இல் போயிங் 707 விமானத்தின் இறக்கையடியில் தொங்கிப் பறந்தது. நம் ஏர் இந்தியா அவ்வாண்டு வாங்கிய 707-களும் கான்வே பூண்டவையே.

அமெரிக்கரோ தொங்கும் எஞ்சினுக்கு இடநெருக்கடி இல்லையென்பதைப் பயன்படுத்திக்கொண்டனர். பிராட் அண்ட் விட்னி கம்பெனியார் தங்கள் பழைய ஜே.டி.3 எஞ்சினின் கம்ப்ரஸரில் முன் மூன்று வரிசைகளை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் இரண்டு வரிசை அகன்ற விசிறியைப் பொருத்தி, எரியும் காற்றைக் காட்டிலும் எரியாத காற்று மிகுதியாக ஓடும் ஜே.டி.3டி எஞ்சினை 1961-இல் சேவைக்குக் கொணர்ந்தனர். பின்னர் வி.சி.10 விமானத்தின் வால்புறத்தில் இடம் கிடைத்தபோது, கான்வேயின் விகிதமும் பத்துக்கு ஆறாக ஏறியது; 1970-இல் சேவைக்கு வந்த போயிங் 747-இன் எஞ்சின்களிலோ எரியாத காற்று எரியும் காற்றைப்போல் சுமார் ஐந்து மடங்காயிற்று.

எஞ்சினுக்கு எல்லை வகுப்பது வெப்பவியல் மட்டுமன்று, அது அமரும் இடமுமே என்பதற்குக் கான்வே முதற் சான்று. கடைசிச் சான்று அன்று. தரையை ஒட்டித் தாழ்ந்த போயிங் 737-க்கு 1984-இல் அகன்ற விசிறி எஞ்சினைப் பூட்டியபோது, அதன் உறையின் அடிப்பாகத்தைத் தட்டையாக்க நேர்ந்தது. இறக்கையின் கனம் விதித்த வரம்பை, இப்போது ஓடுபாதைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள உயரம் விதித்துக்கொண்டிருக்கிறது.