காசியும் கயையும்

இருப்புப்பாதை அமைவதற்கு முன் தமிழ்நாட்டிலிருந்து காசிக்குச் சென்றோர் பல மாதங்கள் நடந்தே சென்றனர். மீண்டு வருதல் உறுதியன்று ஆதலின், நிலபுலன்களை மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவர்களும் உண்டு என்பர். இன்றோ சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்த் தொலைவை இரண்டு நாள்களில் கடந்துவிடலாம். வழியைப் பற்றிய அச்சம் அகன்றது. முன்கூட்டித் திட்டமிடாதவர் படும் இடர் மட்டும் அகலவில்லை.

முதற்கண் எண்ணத்தக்கது பருவம். சித்திரை முதல் ஆனி வரை கங்கைச் சமவெளியில் வெயில் 40 பாகையைக் கடக்கும். ஆடி, ஆவணியில் கங்கை பெருகிக் காசியின் படித்துறைகளை மூழ்கடிக்கும், படகுகள் நின்றுவிடும், துறைக்குத் துறை கரையோரமாக நடத்தலும் இயலாது. மார்கழி, தையில் மூடுபனியால் இரயில் வண்டிகள் பல மணி நேரம் காலந்தாழ்ந்து வரும். எனவே, ஐப்பசியும் கார்த்திகையும், மாசியும் பங்குனியும் ஏற்றவை. புரட்டாசியில் மாளய பட்சத்தின்போது கயையில் நீத்தார்கடன் செய்ய நாடெங்குமிருந்து மக்கள் திரள்வர். அக்காலத்திலேயே செல்ல விழைவோர் தங்குமிடத்தை உறுதிசெய்த பின்னரே பயணச்சீட்டு வாங்குதல் நன்று. 2024 நவம்பர் முதல், இரயிலில் இடத்தை 60 நாள்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்ய இயலும்.

அடுத்த வினா, எவ்வூருக்கு முதலிற் செல்வது என்பது. பிரயாகை, காசி, கயை என்னும் வரிசையை இந்துக்கள் போற்றுவர். புத்தர்பிரானோ கயைக்கு அருகில் ஞானம் பெற்று, அங்கிருந்து காசியை அடுத்த சாரநாதத்துக்கு நடந்தார். முன்பு தம்மை விட்டகன்ற தோழர் ஐவருக்கே முதலில் அறமுரைக்க அவர் விரும்பினார். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியை இரயில் வண்டி இன்று சில மணி நேரத்தில் கடக்கிறது. ஆக, ஒரு சமயத்தார்க்கு முடிவாகிய ஊர் மற்றவர்க்குத் தொடக்கமாக அமைகிறது.

முதியோரை அழைத்துச் செல்வோர், எவ்வரிசையையும்விட அவர்தம் உடல்நிலையையே பெரிதாகக் கருதுதல் வேண்டும். கயையில் கடன் செய்யும் நாள் நீண்டது. பல்குனி ஆறு, விட்டுணுபாதக் கோயில், அட்சயவடம் என்னும் ஆலமரம் ஆகிய மூவிடத்தும் செய்வன செய்து முடிக்கும்வரை பலர் உண்பதில்லை. இரவெல்லாம் பயணம் செய்து இறங்கிய காலையிலேயே அதனைத் தொடங்குதல் முதியோர்க்குத் தீங்காய் முடியும். ஒரு நாள் இளைப்பாறியே தொடங்குதல் வேண்டும். பல்குனி ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகத் தோன்றும். தோண்டினால் நீர் ஊறும். 2022இல் கட்டப்பட்ட இரப்பர் அணையால் இப்பொழுது கோயிலருகே நீர் தேக்கப்படுகிறது.

கயையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ளது புத்தகயை. 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த செங்கற்கோயிலும், அதன் பின்புறத்துப் போதி மரமும் அங்குள்ளன. பழைய மரம் 1876இல் புயலில் வீழ்ந்தது. இன்று நிற்பது அதன் வழித்தோன்றல். மரத்தடியில் திபெத்தியர், இலங்கையர், பர்மியர் எனப் பல நாட்டார் அமர்ந்து தியானம் செய்வர். இந்துக்களிலும் சிலர் இங்கு வந்து பிண்டமிடுவதுண்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரு சமயத்தாரும் சம எண்ணிக்கையில் இடம்பெற்ற குழு இக்கோயிலை ஆள்கிறது. ஆட்சி முழுதும் தமக்கே உரியதெனப் பௌத்தர் பலர் கோருகின்றனர். இதனை அறிந்து செல்பவர் அங்கே உரக்கப் பேசார். தியானத்தில் இருப்பவரின் குறுக்கே நடவார்.

காசியில் மூன்று நாளாவது தங்குதல் வேண்டும். விசுவநாதர் கோயிலின் இன்றைய கட்டடம் 1780இல் அகலியாபாய் அரசியாரால் எழுப்பப்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும், நகரத்தார் சத்திரமும் இருத்தலால் தமிழர்க்கு இவ்வூர் அயலூராகத் தோன்றுவதில்லை. ஒரு நாளைச் சாரநாதத்துக்கென ஒதுக்குக. 1794இல் அங்கிருந்த பெரிய தூபி ஒன்றைச் செங்கல்லுக்காக இடித்தெடுத்துச் சென்றனர். சாரநாதத்தை அகழ்ந்தபோது 1905இல் கிடைத்ததே நாட்டின் சின்னமாகிய அசோகரின் சிங்கத்தலைத் தூண்முடி. அதனைக் கொண்டுள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை அறியாது அந்நாளில் சென்று, பூட்டிய கதவைக் கண்டு திரும்புவோர் பலர்.

தமிழ்நாட்டார்க்கு இன்னும் ஒரு கணக்கு உண்டு. இராமேசுவரத்து மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்தாலன்றி யாத்திரை நிறைவுறாது என்பது மரபு. ஆகவே, இராமேசுவரத்துக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் செல்ல நாள் ஒதுக்குதல் வேண்டும். பின்னதை மறந்தவர் வீட்டில், வாய் அடைக்கப்பட்ட கங்கைச் செம்பு பூசையறை மாடத்திலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.