விண்டோஸ் 10: காசு வேண்டாமாம், கணக்கு வேண்டுமாம்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. விண்டோஸ் 10 ஓடும் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இலவசமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. அதற்கு முந்தைய சில நாள்களாக வாசகர் கடிதங்களில் இதே பேச்சு. “புதன்கிழமை கணினி திறக்குமா?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். “தீபாவளி எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடட்டுமா?” என்றார் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். திறக்கும். தள்ள வேண்டாம். இன்னொருவர் கொஞ்சம் காரமாக, “ஆப்பிளும் கூகுளும் இப்படித்தானா, இல்லை மைக்ரோசாஃப்ட்டுக்கு மட்டும்தான் இந்தத் துணிச்சலா?” என்று எழுதியிருந்தார். உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டால் போயிற்று என்கிறார்களே?

மாற முடிந்தவர்களில் பலர் மாறிவிட்டார்கள். ஆனாலும் ஸ்டேட்கவுன்ட்டர் கணக்குப்படி உலகின் விண்டோஸ் கணினிகளில் சுமார் 40 விழுக்காடு 2025 செப்டம்பரிலும் 10-இல்தான் இருந்தன. அவற்றில் ஏராளமானவற்றை 11 சேர்த்துக்கொள்ளாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்குக் கீழே இருப்பவை வாசலோடு சரி. எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்பது நிறுவனத்தின் விளக்கம். டிபிஎம் விஷயத்தில் அதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். பிராசஸர் பட்டியலைப் படிக்கும்போதுதான் நெருடுகிறது. 2021 ஆகஸ்டில் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ7-7820எச்க்யூ விதிவிலக்குப் பெற்று உள்ளே வந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தச் சமயத்தில் விற்றுக்கொண்டிருந்த அதன் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்தது அந்தப் பிராசஸர்தான். டிரைவர்கள் புதிய வடிவமைப்பில் இருப்பதால் அனுமதித்தோம் என்றார்கள். இருக்கட்டும்.

சரி, இன்னும் ஓர் ஆண்டு இலவசம் என்கிறார்களே, அது என்ன?

இஎஸ்யூ (நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள்) என்று பெயர். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும்; புதிய வசதி வராது, கோளாறு என்றால் உதவியும் கிடையாது. செட்டிங்ஸுக்குள் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’யைத் திறந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று ஓர் இணைப்பு இருக்கும். (உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இல்லாவிட்டால் தெரியாது, முதலில் அப்டேட் செய்துகொள்ளுங்கள்.) அதை அழுத்தினால் மூன்று வழிகள் வரும். செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் செய்தால் இலவசம். மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அவற்றைக் கொடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் 30 டாலர். 2025 அக்டோபர் மதிப்பில் ஏறக்குறைய 2,650 ரூபாய்.

எது லாபம் என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றில் எதைத் தொட்டாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கணினியிலேயே பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருடம் வேலை பார்த்தவர் 30 டாலரை எடுத்து நீட்டினாலும் கணக்கு இல்லாமல் கதவு திறக்காது. ஒரு கணக்கை வைத்துப் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம், ஆகவே கணக்கு வேண்டியிருக்கிறது என்று இதற்கு நியாயம் சொல்லலாம். பத்துக் கணினி வைத்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும்.

இந்தத் திருத்தங்களை வீட்டுக்காரர்களுக்காகத் தனியாகச் செய்வதில்லை. பெரிய நிறுவனங்கள் முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244 என்று கட்டி இவற்றை வாங்குகின்றன. பள்ளிகளுக்கு முதல் ஆண்டு ஒரு டாலர். ஆக, திருத்தம் எப்படியும் தயாராகத்தான் போகிறது. அதையே உங்கள் வீட்டுக் கணினிக்கும் அனுப்புவதில் செலவு சொற்பம். அப்படியிருந்தும் ‘இலவசம்’ என்று சொல்லி உங்களிடம் வாங்கிக்கொள்வது எதை? ஒரு நிரந்தர முகவரியை. அந்தக் கணக்கோடு ஒன்டிரைவ் வருகிறது. அதில் 5 ஜிபி வரைதான் சும்மா. பேக்கப் சாளரத்தில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் கூடவே நிற்கின்றன. பேரன் பேத்தியின் படங்களோடு அதை அப்படியே விட்டுவிட்டால் 5 ஜிபி நிறைய அதிக நாள் ஆகாது. நிறைந்தபின் மாதச் சந்தாவுக்கான அழைப்புகள் ஆரம்பிக்கும். இஎஸ்யூவுக்கு செட்டிங்ஸ் மட்டும் போனால் போதும். கோப்புறைகளுக்கு நேரே உள்ள பொத்தான்களை அணைத்துவிட்டு மேலே போங்கள்.

இந்தப் பேக்கப் நிபந்தனை தொழில்நுட்பத் தேவையா, வியாபாரத் தேவையா என்ற விவாதத்தை ஐரோப்பா முடித்துவைத்திருக்கிறது. யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் கூட்டமைப்பு, டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைக் காட்டி மைக்ரோசாஃப்ட்டுக்குக் கடிதம் எழுதியது. 2025 செப்டம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்கள் காசும் தர வேண்டாம், பேக்கப்பும் செய்ய வேண்டாம். 60 நாளுக்கு ஒரு முறையாவது கணக்கில் உள்நுழைந்தால் போதும். பிரான்ஸில் பேக்கப் இல்லாமல் போகும் அதே திருத்தம் பெரம்பலூருக்கு மட்டும் ஏன் பேக்கப்போடு வர வேண்டும்? ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்ட போட்டி ஆணையம் இங்கேயும் இருக்கிறது. நம் நுகர்வோர் அமைப்புகள் இதைக் கேட்கலாம்.

ஆப்பிளும் கூகுளும் யோக்கியமா?

ஆப்பிள் தேதியே சொல்வதில்லை. புதிய மேக்ஓஎஸ்ஸும் அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகளும் திருத்தம் பெறும் என்பது பழக்கத்தில் தெரிந்துகொண்டதே தவிர, எழுதிக் கொடுத்த வாக்குறுதி அல்ல. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் 26, இன்டெல் மேக்குகளில் நான்கே மாடல்களை ஏற்கிறது. 2020-இல் வெளிவந்த இன்டெல் மேக்புக் ஏர் அதில் இல்லை. இன்டெல் மேக்குகளுக்கு இதுவே கடைசிப் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னும் மூன்று ஆண்டு என்கிறார்கள். விண்டோஸ் 10 பத்து ஆண்டு ஓடியதோடு ஒப்பிட்டால், ஆப்பிளைக் காட்டி மைக்ரோசாஃப்ட்டைத் திட்டுவது எடுபடாது. ஆப்பிளின் பக்கம் ஒன்று உண்டு: திருத்தம் வாங்க அங்கே கணக்கு கேட்பதில்லை.

கூகுள் தேதியைச் சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது: குரோம்புக்குகளுக்குப் பத்து ஆண்டு. ஆனால் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வகைத் தளம் முதலில் வெளிவந்த நாளிலிருந்து. கடையில் நாலு வருடமாக இருக்கும் வகையை இன்று புதிதாக வாங்கினால் மிஞ்சுவது ஆறு ஆண்டு. பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைக் கூகுளின் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய விண்டோஸ் கணினிகளுக்கு குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளத்தை இலவசமாகத் தருகிறோம் என்று வேறு அழைக்கிறார்கள். அங்கேயும் வாசலில் கேட்பது கணக்குதான், கூகுள் கணக்கு.

மற்ற கேள்விகள்

வைரஸ் தடுப்பு நின்றுவிடுமா? விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் வரும். விண்டோஸில் உள்ள ஓட்டையை அது அடைக்காது.

வேர்டு, எக்செல்? மைக்ரோசாஃப்ட் 365-க்கு 2028 அக்டோபர் 10 வரை திருத்தம் உண்டு. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாளாக இருந்தது.

அலுவலகக் கணினி? டொமைனில் சேர்ந்ததென்றால் வீட்டுத் திட்டம் கிடையாது. ஐடி பிரிவைக் கேளுங்கள்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி? 2011-இல் தொடங்கிய திட்டத்தின் முதல் ஆறு ஆண்டுகளில் வாங்கியது என்றால் 11 ஏறாது. சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ் அவற்றில் பலவற்றில் ஏற்கெனவே இருந்தது, அதை அழித்தவர்களும் உண்டு.

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? பிரௌசர், மின்னஞ்சல், தமிழ் தட்டச்சு மட்டும் என்றால் தாராளமாக, தமிழ்99 உட்பட. டேலியும் பேஜ்மேக்கரும் வைத்துப் பிழைப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கடைக்காரர் போட்டுக்கொடுத்த விண்டோஸ்? அவரைத்தான் கேட்க வேண்டும்.

அக்டோபர் 14 தவறிவிட்டிருந்தால்? ஒன்றும் முழுகிவிடாது. 2026 அக்டோபர் 13 வரை எந்த நாளிலும் இஎஸ்யூவில் சேரலாம். இடையில் விட்டுப்போன திருத்தங்களும் சேர்ந்தே வந்துவிடும். சேரும்வரை அந்தக் கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.